இரண்டு துளைகளின் வழக்கு

உலகத்தைப் படைத்தவர் குழு எதுவும் அமைக்காமல் படைத்துவிட்டார். அதன் பலனைத்தான் நாம் அன்றாடம் அனுபவிக்கிறோம். கொசு எதற்கு, வழுக்கை எதற்கு, கோடையில் சேன் நதியிலிருந்து வீசும் அந்த வாடை எதற்கு என்று கேட்டால் விளக்கம் தர ஒரு செயலாளர்கூட இல்லை. பாரிஸ் நகரத்தில் ஒரு சீமாட்டியின் மேலங்கி அப்படிப் பொறுப்பில்லாமல் பிறந்துவிடாது. அதற்கென்று நான்கு சங்கங்கள் இருக்கின்றன. நான்குக்கும் தனித்தனிக் காவல் புனிதர், தனித்தனி விருந்து, தனித்தனி மனஸ்தாபம் உண்டு. அவற்றில் மூத்ததான தையற்காரர் சங்கத்தின் செயலாளர் நான். நாகரிக உலகம் எங்களுக்கு எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்பதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் மிக எளிமையானது. இடுப்பை இறுக்கும் திமிங்கில எலும்புக் கச்சையைத் தைப்பதும், மேலங்கிக்குத் துணி வெட்டிக் கை வைப்பதும் தையற்காரர்களாகிய எங்கள் உரிமை. பெண்ணின் விலா எலும்பு எங்கே இருக்கிறது என்பது ஆண்களுக்கு மட்டுமே தெரியும் என்பது சங்கத்தின் 'நெடுங்கால அனுபவம்'. கச்சைக்கு மேலே போடும் கவுன், உடை தைக்கும் பெண்கள் சங்கத்துக்குச் சொந்தம். அந்தக் கவுன்மேல் ரிப்பனும் சரிகையும் துணிப்பூவும் வைத்து, அடியில் கவுன் இருப்பதே தெரியாமல் செய்வது அலங்கார வியாபாரிகளின் பொறுப்பு. செத்த மிருகம் எதுவானாலும் ரோமத்தோல்காரர்களுக்கு. ஒருவர் பங்கில் இன்னொருவர் ஊசி நுழைந்தால் அது திருட்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பெலிஸ் வந்து கெடுத்தது.

குளிர் காலத்தில் கவுனுக்கு மேலே போர்த்திக்கொள்ளும் மேலங்கிதான் பெலிஸ். இப்போது நகரத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் அதன்மேல் பைத்தியம். சாட்டின் பட்டுத் துணியை அரைவட்டமாக வெட்டி, பின்கழுத்தில் நெருக்கமாகக் கொசுவித் தைத்து, அதில் தலைமூடி ஒன்றைப் பொருத்துவார்கள். உச்சந்தலையில் கோபுரமாக எழுப்பிய கொண்டை நசுங்கக் கூடாதென்று அந்த மூடி விசிறி மடிப்பாக விரியும். உள்ளே முழுக்க ரோமம். ஓரமெல்லாம் ரோமம். சட்டைக் கை மட்டும் வைக்க முடியாது. கவுனின் முழங்கையில் மூன்றடுக்குச் சரிகை தொங்கும். அதன்மேல் இன்னொரு கையை இழுத்து மாட்டினால் சரிகை கசங்கி, மாட்டியவள் அழுதுவிடுவாள். ஆகவே முன்பக்கம் இரண்டு நீளத் துளைகள். அந்த வழியாகக் கை வெளியே வரும்.

அந்தத் துளைகள் யாருக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நவம்பரில் மார்ட்டின் புனிதர் திருநாள் கழிந்த வாரம், வாத்து வறுவல் இன்னும் செரிக்காத நிலையில், எங்கள் சங்கத் தலைவர் முசியே புலாரும் நானும் கறுப்பு அங்கி அணிந்து சோதனைக்குப் புறப்பட்டோம். மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் பெரின் என்றொருத்தி, உடை தைக்கும் பெண்கள் சங்கத்தில் முறையான உறுப்பினர், கவுன் தைத்துப் பிழைத்துவந்தாள். அவள் ஒரு நோட்டரியின் விதவைக்கு முழு பெலிஸ் ஒன்றைத் தைத்து முடிக்கப்போவதாகத் தகவல். 'முழு' என்ற சொல்லைக் கேட்டதும் முசியே புலாருக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே போனோம். செம்பழுப்புச் சாட்டினில், சாம்பல்நிற அணில் ரோமம் வைத்து, அது மேசைமேல் கிடந்தது. பெரின் எழுந்திருக்கவில்லை. வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"இத தச்சது யாரு?" என்றார் புலார்.

"நான்தான் முசியே."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. பூனை இருந்துச்சு. அதுவும் தூங்கிடுச்சு."

புலார் ரோமத்தைத் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பூனை இப்ப எங்க?"

"அதோ, அடுப்புப் பக்கத்துல. தோலோடதான் இருக்கு, நல்லா பாத்துக்குங்க."

"ரோமத்த வெட்டினது?"

"அதுவும் நான்தான். தோல் பக்கமா கத்தியால கீறணும். மேல கத்தரி வச்சா ரோமம் பொட்டுப் பொட்டா கொட்டிடும்."

"ரோமத்தோல்காரங்க சங்கத்துல இல்லாதவளுக்கு இது எப்படித் தெரியும்?"

"மொதல்ல கத்தரி வச்சேன். கொட்டிச்சு. தெரிஞ்சுபோச்சு."

"எழுதிக்குங்க செயலாளரே. தெரிஞ்சே செஞ்சிருக்கா."

எழுதிக்கொண்டேன். அரைவட்டம் வெட்டியதில் எங்கள் உரிமையை மீறியிருந்தாள். அணிலில் ரோமத்தோல்காரர் உரிமையை. கழுத்தில் கட்டும் ரிப்பனில் அலங்கார வியாபாரிகள் உரிமையை. துணியையும் துணியையும் இணைத்த தையல் மட்டும் அவளுடையது. அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தோம். எங்களை யாரும் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

"இந்தத் துளைங்க?" என்றார் புலார்.

"அதையும் நான்தான் வெட்டினேன்."

புலார் என்னைப் பார்த்தார். நான் சட்டத்தைப் பார்த்தேன். சட்டம் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

பெலிஸ் பறிமுதல் செய்யப்பட்டது. குற்றம் உறுதியானால் கடைப் பலகை இறங்கும் என்றும், இந்த நகரத்தில் ஊசி பிடிக்கும் உரிமை அவளுக்கு ஆயுள் முழுக்க இருக்காது என்றும் புலார் கனிவாக எடுத்துச் சொன்னார்.

"அப்புறம் நான் எதைப் பிடிக்கிறது முசியே?"

"அது எங்க அதிகாரத்துக்குள்ள வராதும்மா."

நான்கு சங்கத் தலைவர்களும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். சூப் முடிந்ததும் விவாதம் தொடங்கியது.

"துளைங்கிறது சட்டைக் கையோட வாசல்," என்றார் புலார். "கை எங்க வேலை. அப்ப வாசலும் எங்களோடதுதான்."

"சட்டைக் கையே இல்லையே," என்றார் ரோமத்தோல்காரர் தலைவர் முசியே லெவ்ரோ.

"வைக்காம விட்டது எங்க பெருந்தன்மை."

"அதெல்லாம் இருக்கட்டும். துளையச் சுத்தி நாலு பக்கமும் ரோமம். நாலு பக்கமும் எங்க நிலம். நடுவுல இருக்கிற கிணறு மட்டும் உங்களோடதா?"

அலங்கார வியாபாரிகளின் தலைவி மதாம் பவியோ விசிறியை மடக்கினார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. துளை வழியாத்தான் மோதிரம் வெளிய தெரியுது. அப்ப அது அலங்காரம்தானே?"

பெரினுடைய சொந்தச் சங்கத்தின் தலைவி மதாம் கூர்தே. அவர் அவளுக்காக ஏதாவது பேசுவார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கோழிக்கால் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். "எங்க சங்கத்துக்கு இதுல கருத்து எதுவும் இல்ல," என்றார்.

பெரின் சுவரோரம் நின்றிருந்தாள். "நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சுருக்கமா சொல்லு."

"துளைன்னா அங்க துணி இல்லன்னு அர்த்தம். இல்லாத துணிக்கு நாலு பேரு அடிச்சுக்கிறீங்களே."

"இருக்கிறத யாரு வேணும்னாலும் வச்சுக்கலாம்," என்றார் புலார். "இல்லாததுக்குத்தான் உரிமை ரொம்ப முக்கியம்."

சபை எழுந்து நின்று பாராட்டியது. இந்த வாசகத்தைக் கூடத்தின் முகப்பில் கல்லில் பொறிப்பதென்று அங்கேயே முடிவானது. கல் தச்சர் சங்கத்தோடு பேச்சு நடந்துவருகிறது. துளைகளைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தர ஓர் உபகுழுவும் அமைக்கப்பட்டது. அதற்குள், எது சட்டப்படியான பெலிஸ் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? அவரவர் பங்கை அவரவர் செய்து, நான்கு சங்கமும் சேர்ந்து ஒரு 'மாதிரி பெலிஸ்' உருவாக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

"என்னோடத பாத்து வேணா செய்யுங்க," என்றாள் பெரின். "பக்கத்துல வச்சுக்கிட்டா சுலபமா இருக்கும்."

"சட்ட விரோதமானத பாத்துச் செய்ய நாங்க என்ன உன்ன மாதிரியா?" என்றார் புலார்.

கலைந்து போகும்போது மதாம் கூர்தே படிக்கட்டில் பெரினின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். "நல்லாத்தான்டி தச்சிருக்கே. அதுதான் உன் தலைவலி. கொஞ்சம் கோணலா தச்சிருந்தா மன்னிச்சு விட்டிருப்பாங்க."

மாதிரி பெலிஸ் உருவான வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; விரிவாகச் சொன்னால் அந்நிய நாட்டார் காப்பியடிப்பார்கள். எங்கள் ஆள் அரைவட்டத்தை வெட்டினார். அது ஒரு பல்லக்கில் வைத்து ரோமத்தோல்காரர் தெருவுக்குக் கொண்டுபோகப்பட்டது. உண்மையில் கழுத்துக் கொசுவம் முதலில் தைத்து, ரோமம் பிறகு வைக்க வேண்டும். ஆனால் ஊர்வலத்தில் ரோமத்தோல்காரர்கள் உடை தைக்கும் பெண்களுக்கு முன்னால் நடப்பது வழக்கம். ஆகவே ரோமம் முதலில் வந்தது. பிறகு பெண்கள் சாட்டினையும் அணிலையும் சேர்த்துக் கொசுவ முயன்றார்கள். கொசுவம் ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி பருமன். ஊசிகள் உடைந்தன. ரோமத்தைப் பிரித்துவிட்டுத் தைக்கலாமா என்று கேட்டதற்கு, பிரிப்பது தைத்தவருடைய உரிமை என்றும், தைத்தவர் பிரிக்க விரும்பவில்லை என்றும் லெவ்ரோ சொல்லி அனுப்பினார். பின்கழுத்தில் கூன் விழுந்த தோற்றத்தோடு அது மதாம் பவியோவின் கடைக்குப் போனது. அவர் கூனை மறைக்க முன்பக்கம் ரிப்பன் முடிச்சுகளை வரிசையாக வைத்தார்.

துளை வெட்டப்படவில்லை. உபகுழு இன்னும் கூடவில்லை.

மெழுகுவர்த்தித் திருநாளன்று, வீடுதோறும் அப்பம் சுடும் வாசனை வந்துகொண்டிருந்த காலை வேளையில், எங்கள் கூடத்தில் மாதிரி பெலிஸ் ஊரறிய வெளியிடப்பட்டது. அணிந்து காட்டும் பெருமை புலாரின் மனைவி மதாம் புலாருக்குக் கிடைத்தது. நான்கு சங்கத்தாரும் சேர்ந்து அவரை அதற்குள் இறக்கினோம். தலைமூடி விரிந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் புலார்.

"கதகதப்பாத்தான் இருக்கு. கை எது வழியா வெளிய வரும்?"

"அது உபகுழுவோட பரிசீலனையில இருக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உள்ளேயே பத்திரமா இருக்கட்டும். யாரு எடுத்துட்டுப் போகப்போறா?"

"எனக்கு மூக்கு அரிக்குதே."

புலார் கணவன் என்ற முறையில் சொறிந்துவிட்டார். அப்பம் வந்தது. மதாம் புலார் அதைப் பார்த்தார். அப்பமும் அவரைப் பார்த்தது. யாரும் ஊட்டிவிடவில்லை. ஊட்டுவதற்கு ரோமத்தின்மேல் குனிய வேண்டும்; அதற்கு லெவ்ரோ சம்மதிக்கவில்லை.

பிறகு மேலங்கியை மந்திரிக்கக் கோயிலுக்கு நடந்தோம். படிகளில் பனி உறைந்திருந்தது. சாதாரண மனிதர்கள் வழுக்கினால் கை தானாக முன்னே போய் நிலத்தைத் தாங்கும். மதாம் புலாருக்கு அந்தப் பழைய வழக்கம் தேவைப்படவில்லை. நேராக மூக்கால் இறங்கினார்.

லெவ்ரோ ஓடிப்போய் ரோமத்தைத் தடவினார். "ஒரு மயிர்கூட உதிரல."

"தையலும் விடல," என்றார் மதாம் கூர்தே பெருமையாக.

மதாம் பவியோ ரிப்பன்களை எண்ணினார். நாங்கள் எல்லோரும் பெலிஸைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து பெரின் வந்து அதற்குள் இருந்த மதாமைத் தூக்கினாள். தன் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

"கை வெளிய இருந்திருந்தா மூக்கு தப்பிச்சிருக்கும் மதாம்."

"தெரியுதுடி," என்று மதாம் புலார் அழுதார். "எனக்குத் தெரியாதா?"

"அப்ப வழக்குல ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன்."

மூக்கு உடைந்தது மாதிரி பெலிஸுக்கு விளம்பரமாக அமைந்தது. "கை தேவைப்படுறது வேலைக்காரிங்களுக்குத்தான்," என்று மதாம் பவியோ ஒரு விருந்தில் சொன்னார். அதற்குப் பிறகு கையோடு தெருவில் வருவதற்கே நல்ல குடும்பத்துப் பெண்கள் கூசினார்கள். துளையில்லாத பெலிஸுக்கு நான்கு சங்கத்திலும் ஆர்டர் குவிந்தது. உணவு ஊட்ட ஒரு பணிப்பெண், விழாமல் பிடிக்க ஒரு பணிப்பெண் வைத்துக்கொண்டார்கள். கோயிலில் நெற்றியில் சிலுவை போடவும் பணிப்பெண்ணே வந்தாள். பாதிரியார்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அந்தப் பணிக்கும் ஒரு சங்கம் தொடங்க முடியுமா என்று எங்களிடமே யோசனை கேட்டார்கள். பிச்சைக்காரர்கள் மட்டும் குறைப்பட்டார்கள். மனமிருந்தும் கொடுக்கக் கை வரவில்லையே என்று சீமாட்டிகள் உருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கணவன்மார்களில் ஒருவரும் புகார் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாக முதிர்ந்த பிறகு தீர்ப்பு நாள் வந்தது.

கூடத்தில் கணப்பு சரியாக எரியவில்லை. மதாம் கூர்தேயும் மதாம் பவியோவும் புது நாகரிகப்படி துளையில்லாத பெலிஸ் அணிந்து இரண்டு மூட்டைகள்போல் அமர்ந்திருந்தார்கள். மூக்கில் கட்டோடு மதாம் புலாரும் வந்திருந்தார். மாதிரி பெலிஸை அவர் தொடவே மறுத்துவிட்டார். வெறும் சால்வையில் நடுங்கினார். சாட்சிப் பொருளான பெரினின் பெலிஸ் மேசைமேல் இருந்தது. 'சாட்சிப் பொருளைக் குளிரிலிருந்து பாதுகாக்கும் பொருட்டு' அவர் அதை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்று நானே அனுமதித்தேன். போர்த்திக்கொண்டதும் முகத்தில் செம்மை திரும்பியது. அதைப் பார்த்த பெரினின் முகத்திலும் கொஞ்சம் திரும்பியது.

புலார் எழுந்தார். "சட்டப்படி செஞ்ச பெலிஸுல துளை இல்ல. அப்ப, துளை இல்லாததுதான் பெலிஸ். இவ தச்சதுல துளை இருக்கு. அதனால அது பெலிஸ் இல்ல. கவுனும் இல்ல, கோட்டும் இல்ல. எந்தச் சங்கமும் செய்யாத ஒண்ணு. எந்தச் சங்கமும் செய்யாதது இந்த ஊர்ல இருக்கவே முடியாது."

"அது உங்க சம்சாரத்து மேலேயே இருக்கே முசியே."

"இருக்கு. அதுதான் குற்றம்."

பெரின் மதாம் புலாரைப் பார்த்துத் திரும்பினாள். "மதாம், அன்னைக்குப் படியில சொன்னீங்களே."

மதாம் புலார் ரோம ஓரத்தைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டார். "இது ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "அத எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

"அது தீர்ப்புக்குச் சம்பந்தமில்லாதது," என்றார் புலார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

தீர்மானத்தை வாசித்தேன். பெரின் என்பவர் யாரையும் கேட்காமல், தனி ஆளாக, ஒரு பெண் போட்டுக்கொண்டு கையை வீசி நடக்கக் கூடிய ஒன்றைத் தைத்த குற்றத்துக்காக, அவருடைய கடைப் பலகை இறக்கப்படும். அவர் இனி ஊசி தொடக் கூடாது. தீர்மானம் நிறைவேறத் தலைவர்கள் நால்வரில் மூவராவது கை உயர்த்த வேண்டும் என்பது விதி.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் புலார்.

புலாரின் கை எழுந்தது. லெவ்ரோவின் கை எழுந்தது. மதாம் பவியோவின் பெலிஸ் உள்ளிருந்து லேசாக வீங்கி அடங்கியது. மதாம் கூர்தேயின் பெலிஸில் ஏதோ புரண்டது.

"ரெண்டுதான் முசியே," என்றாள் பெரின். "எண்ணிப் பாத்துக்குங்க. ரெண்டுதான் இருக்கு."

நாங்கள் காத்திருந்தோம். பணிப்பெண்கள் யாரும் கூடத்துக்குள் வர அனுமதி கிடையாது. ஒரு கணம் எங்கள் சட்டம் முழுவதும் ஆட்டம் கண்டதை நான் உணர்ந்தேன். நாங்கள் வெட்டாமல் விட்ட துளையால் ஒரு குற்றவாளி தப்பிப்பதா?

"நான் தூக்கிட்டேன், வெளிய வர மாட்டேங்குது," என்று மதாம் கூர்தே மூச்சிரைக்கச் சொன்னார். "எனக்குப் பதிலா யாராவது தூக்குங்களேன்."

"நம்ம சங்கத்துக்கு இதுல கருத்து இல்லன்னு சொன்னீங்களேக்கா," என்றாள் பெரின்.

"இப்ப வந்திருக்கு."

விதிகளில் இதற்குத் தடை இல்லை. கூடத்தில் உள்ள மதிப்புக்குரிய பெண் எவரும் உறுப்பினருக்காகக் கை கொடுக்கலாம் என்று செயலாளர் என்ற முறையில் அறிவித்தேன். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். மதாம் புலார் பெரினைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். கணவர் மேசைமேல் விரலால் தட்டினார்.

பெரினின் வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதைச் சங்கத்தின் சார்பில் இங்கே மனமாரப் பதிவு செய்கிறேன். சாம்பல்நிற ரோமத்தை மெல்ல விலக்கிக்கொண்டு, ஒரு நூலும் தடுக்காமல், மூன்றடுக்குச் சரிகை ஒரு மடிப்புக்கூடக் கசங்காமல், அவள் வெட்டிய துளை வழியாகவே மூன்றாவது கை வெளியே வந்து உயர்ந்தது.